துபாயில் உம் கொட்டிய கதை

துபாயில் நான் முதலில் பார்க்க ஆசைப்பட்டது உயரமான கட்டடத்தை அல்ல, மொத்தக் காய்கறிச் சந்தையை. இறங்கிய மறுநாள் காலையிலேயே டாக்சி பிடித்துப் போய்விட்டேன். நாசிக் வெங்காயம், எகிப்து வெங்காயம், ஹாலந்து வெங்காயம், ஏமன் வெங்காயம் என்று தனித்தனிக் குவியலாக வைத்திருந்தார்கள். ஓர் ஓரத்தில் நம்மூர்ச் சின்ன வெங்காயம், வலைப்பைக்குள், கொஞ்சம் கூச்சத்தோடு. பக்கத்தில் முருங்கைக்காய், கறிவேப்பிலை. நான் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தவள். சந்தை எனக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் சந்தையில் நின்றால் காய் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கை நீட்டிக் காட்டிவிடலாம். இங்கே சுற்றிலும் மணல், மழை பெய்தால் அது செய்தி. அப்படிப்பட்ட இடத்தில் உலகமே வந்து சரக்கை இறக்கிவிட்டுப் போயிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தள்ளுவண்டிக்காரர் "யல்லா, யல்லா" என்று விரட்டிய பிறகுதான் நகர்ந்தேன்.

வந்தது ஊர் சுற்ற அல்ல, சாட்சி சொல்ல. இதை உறவினர்களுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். கோவையில் பல வருடம் வேளாண் பொருளாதார ஆராய்ச்சி செய்தேன். விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, வழியில் யார் கையில் எவ்வளவு நிற்கிறது என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதினேன். எழுதியதெல்லாம் அலமாரிக்குப் போயிற்று. ஒருநாள் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது, அதோடு என் வேலையும் நின்றது. அப்போதுதான் சென்னையில் ஒரு நிறுவனம் கூப்பிட்டது. வியாபாரிகளுக்குள் வழக்கு வந்தால், நட்டம் எவ்வளவு, அது எதனால் வந்தது என்று கணக்குப் போட்டுச் சாட்சியும் சொல்லும் ஆட்களை வைத்திருக்கும் நிறுவனம் அது. வக்கீலா என்றால் இல்லை, ஆடிட்டரா என்றால் அதுவும் இல்லை. "அப்புறம் என்ன பெரிய வெங்காயம்?" என்று கேட்டார் என் பெரியப்பா. கேலியாகத்தான் கேட்டார், ஆனால் அதுதான் சரியான பதிலும்.

வழக்கின் விவரங்களை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே சரக்கு வெங்காயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வியாபாரியின் சரக்கு துபாயில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இருந்தது. இயந்திரம் நின்றுபோய்ச் சரக்கு அழுகிவிட்டது. அழுகியதால் நட்டம் என்றார் வியாபாரி. இயந்திரம் நிற்பதற்கு முன்பே சந்தையில் விலை விழுந்துவிட்டது, நட்டம் அதனால் வந்தது என்றார் கிடங்குக்காரர். விலை முன்பே விழவில்லை என்று வியாபாரி தரப்புக்கு அறிக்கை எழுதியவள் நான். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மூன்று நடுவர்கள் முன்னால் விசாரணை. நான் சாட்சி நாற்காலியில் உட்காருவது அதுதான் முதல் தடவை. குறுக்கு விசாரணையில் சறுக்கிய நிபுணரை அப்புறம் யாரும் கூப்பிடுவதில்லை என்று என் மேலதிகாரி பக்குவமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பழைய வேலைக்குத் திரும்ப வழியில்லை. இதுவும் போனால் வீட்டில்தான் உட்கார வேண்டும்.

சந்தையிலிருந்து திரும்பும்போது மெட்ரோவில் வந்தேன். ஓட்டுநரே இல்லாத ரயில். முதல் பெட்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு குழந்தை மாதிரி பார்த்தபடி வந்தேன். இறங்கினால் ஓட்டல் கண்ணுக்கு எதிரே, சாலைக்கு அந்தப்புறம். நம்மூர் என்றால் கையைக் காட்டிக்கொண்டே குறுக்கே நடந்துவிடுவேன். இந்தச் சாலையின் அகலத்தில் எங்கள் ஊர்த் தேர் நாலைந்து பக்கத்தில் பக்கத்தில் ஓடும். நடைபாலம் இருக்கிறது என்று தெரியாமல் டாக்சியில் ஏறிவிட்டேன். பெஷாவர்க்காரரான ஓட்டுநர் எங்கெங்கோ போய், ஒரு பாலத்தில் ஏறி, இன்னொன்றில் இறங்கி, ஏறிய இடத்துக்கு நேர் எதிரே இறக்கிவிட்டார். "எல்லாரும் முதல் தடவை இப்படித்தான், சகோதரி" என்று இந்தியில் ஆறுதல் சொன்னார். ஏறும்போதே சொல்லியிருக்கலாம்.

அன்று மாலை ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். திண்டுக்கல்லில் பள்ளி விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரி. குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பெண், இப்போது ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், வீடும் அங்கேயே, ரோலா பகுதியில். அவர்கள் பக்கத்தில் எந்த வாக்கியத்தையும் "கேட்டியா" என்றுதான் முடிப்பார்கள். அது கேள்வி அல்ல, நிறுத்தற்குறி. ஆனால் ஸ்டெல்லா அதற்குப் பதில் எதிர்பார்ப்பாள். விளக்கணைத்த பிறகு இருட்டில் அவள் கதை சொல்ல, ஒவ்வொரு கேட்டியாவுக்கும் நான் ம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எழுப்பிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். அப்படிப் படிந்த பழக்கம்தான் பின்னால் ஆராய்ச்சியில் எனக்குச் சோறு போட்டது. விவசாயியிடம் கேள்வி கேட்டால் ஊருக்குச் சொல்லும் விலையைச் சொல்வார். கேட்காமல் உம் கொட்டிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் நிஜ விலை தானாக வெளியே வரும்.

விசாரணை நடந்த அறை எத்தனையாவது மாடி என்று எண்ணவில்லை, காது அடைத்தது. கண்ணாடிச் சுவருக்கு ஒருபக்கம் கடல், மறுபக்கம் தூரத்தில் பாலைவனம். பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் அரபுக் காப்பியான காவாவும் வைத்திருந்தார்கள். நம்மூர்க் கோர்ட்டில் ஒரு சாட்சிக்கு டீ வாங்கித் தருவதற்குள் வாய்தா வந்துவிடும். எனக்கு நேர் எதிரே ஒரு திரை. நான் ஆங்கிலத்தில் பேசப் பேச, மூலையில் உட்கார்ந்திருந்த பெண் தட்டச்சு செய்ய, என் சொற்கள் அடுத்த கணமே எழுத்தாகத் திரையில் ஏறின. என் பேச்சுக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை. அடிக்கடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிடங்குக்காரரின் வக்கீல் லண்டன்காரர், வயதானவர், மெல்லிய குரல். எடுத்த எடுப்பில் என் பழைய ஆய்வேட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தார். உள்ளே மஞ்சள் தாள்கள் செருகியிருந்தன. அடிக்குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு, இதை இப்போதும் நம்புகிறீர்களா என்று கேட்டார். அந்த ஆய்வேட்டை என் வழிகாட்டியே முழுக்கப் படித்தாரா என்பது சந்தேகம். அடிக்குறிப்புவரை படித்த முதல் மனிதர் என்னைக் கவிழ்க்க வந்திருந்தார், எனக்கோ அவர்மேல் நன்றிதான் பொங்கியது. மூன்று நாட்டு நடுவர்கள், இத்தனை வக்கீல்கள், எல்லாரும் வேலையை விட்டுவிட்டு ஒரு வெங்காயத்தின் விலை ஏன் இறங்கியது என்று யோசிக்கிறார்கள். ஆராய்ச்சி என்றால் இதுவல்லவா ஆராய்ச்சி என்று மனம் கிறங்கிப்போயிருந்தேன்.

அந்தக் கிறக்கத்தில்தான் வினை. அவர் நல்ல கதைசொல்லி. ஒரு கேள்வியைத் துண்டு துண்டாக, இடம் விட்டு இடம் விட்டுக் கட்டுவார். நீங்கள் அந்த வாரத்துச் சந்தையைப் பார்த்திருக்கிறீர்கள் என்று நிறுத்துவார். நான் "யெஸ்" என்பேன். எகிப்துச் சரக்கு வந்து இறங்கியிருந்தது என்பார். "யெஸ், யெஸ்." விலை அப்போதே சரியத் தொடங்கியிருந்தது என்பார். "யெஸ்." கதை எங்கே போகிறது என்று ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிற்பகலில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, விலை முன்பே சரிந்துவிட்டது என்று டாக்டர் வளர்மதி ஒப்புக்கொண்டுவிட்டார், இனி அறிக்கையில் மிச்சம் என்ன என்று கேட்டார். நான் ஒப்புக்கொள்ளவே இல்லை என்றேன். அவர் திரையைக் காட்டினார். அவர் சொன்னதற்குக் கீழே, தனி வரியில், என் பெயர் போட்டு, யெஸ் என்று இருந்தது.

பக்கம் பக்கமாக யெஸ். நான் கொட்டிய உம் எல்லாம் சம்மதமாக எழுந்து நின்றது.

நேரமாகிவிட்டதால் நடுவர்களின் தலைவர் விசாரணையை மறுநாளைக்குத் தள்ளினார். மஸ்கட்டிலிருந்து வந்திருந்த பெரியவர், கனிவான முகம். குறுக்கு விசாரணை முடியும்வரை வழக்கைப் பற்றி எவரிடமும், சொந்தத் தரப்பு வக்கீலிடம்கூட, ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று எனக்கு நினைவூட்டினார். காலையில் எனக்குப் புதினா மிட்டாய் கொடுத்துத் தட்டிக்கொடுத்த எங்கள் வக்கீல் பெண், லிஃப்டில் என்னைப் பார்த்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். விதி அது, அவள்மேல் தப்பில்லை. ஆனாலும் அழுகை வந்தது.

ஓட்டலில் தனியாக உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஷார்ஜா பஸ் ஏறினேன். துபாயைத் தாண்டுவதற்குள் சிவப்பு விளக்குகளின் வெள்ளத்தில் பஸ் சிக்கிக்கொண்டது. எனக்குப் பின்னால் ராமநாதபுரத்துக்காரர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு லீவு கிடைக்கவில்லை. "தங்கச்சி கல்யாணம்னு சொல்லிட்டேன், அப்பயும் மாஃபிங்கிறான், கிடையாதாம்" என்றார். மற்றவர் நெடுக "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று வந்தார். கடைசியில், "ஆனா தப்பு உங்க மேலதாண்ணே, சைட்டு முடியிற நேரத்துல கேட்டா எவன் குடுப்பான்" என்று முடித்தார். அத்தனை ஆமாவுக்கும் பிறகு. என் விஷயத்திலும் இதுதானே நடந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த அறையில் இதை எப்படி நிரூபிப்பது என்றுதான் தெரியவில்லை.

ரோலாவில் இறங்கினால் வேறு உலகம். தங்கக்கடை, மலிவுத் துணிக்கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, எல்லாவற்றின் முன்னாலும் கூட்டம். காற்றில் பொரித்த மீன் வாசனை. நாலு அடிக்கு ஒரு மொழி, அத்தனையையும் தாண்டித் தமிழ். ஸ்டெல்லா டூட்டி முடித்த உடையோடு நிறுத்தத்துக்கே வந்துவிட்டாள். வீட்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த சாளைக் குழம்பும். வழக்கைப் பற்றி மட்டும் எதுவும் கேட்காதே, பேசக் கூடாது என்றேன். "ஆப்பரேசனுக்கு முந்தி பச்சத் தண்ணி குடுக்காத மாதிரியா? சரி, நீ பேசாண்டாம். நான் பேசுதேன், கேட்டியா" என்றாள்.

பேசினாள். வீட்டு ஓனரைப் பற்றி, கெட்டுப்போன ஏசியைப் பற்றி, தமிழில் கூப்பிட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் மகளைப் பற்றி. நான் கிழங்கைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துக்கொண்டே உம் கொட்டினேன். மனம் திரையிலேயே இருந்தது. திடீரென்று அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி, எங்க வார்டுல நேத்து ஒட்டகத்துக்கு இரட்டப் பிள்ள பொறந்துன்னு சொன்னேன். அதுக்கும் ம்னு சொல்லுதே."

விடுதியிலும் இப்படித்தான் செய்வாள். நான் தூங்கிவிட்டேனா என்று சோதிக்க நடுவில் ஏதாவது புளுகைச் செருகுவாள். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. அன்று முற்பகலில் அந்த வக்கீல், நடுவர்களைச் சிரிக்கவைப்பதற்காக, தனக்கு வெங்காயத்தைப் பற்றி எதுவுமே தெரியாது, வெட்டினால் அழுகை வரும் என்பது தவிர, என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். அப்போதும் நான் யெஸ் சொன்னேன். சொன்னது நன்றாக நினைவிருந்தது. ஸ்டெல்லாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். எதற்கு என்று சொல்ல முடியவில்லை. "ஒட்டகத்துக்கா இம்புட்டு சந்தோசம்" என்று கேட்டுவிட்டு இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் தலைவரிடம் அனுமதி கேட்டேன். என் ஊரில் ஒருவர் பேசும்போது எதிரில் இருப்பவர் சத்தமே இல்லாமல் இருந்தால் அது அவமரியாதை, ஆகவே நடுநடுவே ஓர் ஒலி எழுப்புவோம், நேற்று அந்த ஒலியை நான் ஆங்கிலத்தில் யெஸ் என்று எழுப்பிவிட்டேன், அதற்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அர்த்தம் என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் பதறவில்லை. "அப்படியானால் நேற்றைய யெஸ்களில் எது நிஜம், எது ஒலி என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சரியில்லை என்றால் நான் சொன்ன எதுவுமே நிற்காது.

"உங்கள் கேள்வி முடிந்த பிறகு வந்தது பதில். முடிவதற்கு முன்னால் வந்தது ஒலி" என்றேன். "வெங்காயத்தைப் பற்றி உங்களுக்கு எதுவுமே தெரியாது என்று நேற்றுச் சொன்னீர்கள். அதற்கும் நான் யெஸ் என்றிருக்கிறேன். என் ஆய்வேட்டை அடிக்குறிப்புவரை படித்தவரைப் பற்றி நான் அப்படி ஒப்புக்கொள்வேனா?"

தட்டச்சுப் பெண் அந்த இடத்தைத் தேடித் திரையில் கொண்டுவந்தாள். அவர் நகைச்சுவைக்குக் கீழே என் பெயர், யெஸ். முதலில் சிரித்தவர் அந்த வக்கீல்தான். அப்புறம் அறையே சிரித்தது. தலைவர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அரபியில் யெஸ்ஸுக்குத் தாங்கள் நஅம் என்பதாகவும், தொலைபேசியில் தன் மனைவி பேசும்போது பல வருடங்களாக அதைச் சொல்லிவருவதாகவும், அதைச் சம்மதம் என்று அவர் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை என்றும் சொன்னார். விலை பற்றிய கேள்விகளை முழுதாக, மறுபடியும் கேட்கச் சொன்னார்.

அதன் பிறகு நான் உட்கார்ந்திருந்ததைத் தவம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் நிறுத்தும் இடமெல்லாம் நாக்கின் நுனிக்கு யெஸ் வந்து நின்றது. விழுங்கினேன். தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன். தலையைக்கூட அசைக்கவில்லை. கேள்வி முழுதாக முடிந்த பிறகு, விலை சரிந்ததா என்றால் இல்லை என்றேன். ஏன் இல்லை என்றால், எகிப்துச் சரக்கு கப்பலிலிருந்து இறங்கியதே தவிர இயந்திரம் நின்ற பிறகுதான் சந்தைக்கு வந்தது என்றேன். ஒன்றைக் கவனித்தேன். என் உம் இல்லாமல் அவர் கதை நொண்டியது. அமைதி தாங்காமல் அவரே கூடுதலாக விளக்கினார், விளக்க விளக்க என் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தார். உம் கொட்டுவதற்கு இவ்வளவு பலம் என்பது அதை நிறுத்திய அன்றுதான் எனக்குப் புரிந்தது.

முடிவு வர மாதங்கள் ஆகும் என்றார்கள். ஆனால் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அந்த வக்கீல் பக்கத்தில் வந்து கையைக் குலுக்கினார். அடுத்த வழக்கில் எதிர்த்தரப்பு என்னைக் கூப்பிடுவதற்குள் தான் முந்திக்கொள்ள வேண்டும் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பழக்கதோஷத்தில் யெஸ் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து சிரித்து மட்டும் வைத்தேன்.

கடைசி மாலை ஸ்டெல்லாவோடு ஷார்ஜா கார்னிஷில், நீர்க்கரை நடைபாதையில், உட்கார்ந்திருந்தேன். கையில் காகிதக் கோப்பையில் கரக் டீ, கெட்டியாக, இனிப்பாக. சூரியன் இறங்கிக்கொண்டிருக்க, எதிர்க்கரைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றித் தண்ணீரில் நின்றன. மணலில் இதையெல்லாம் எழுப்பிய கைகளில் எத்தனை கை நம் மாவட்டங்களிலிருந்து வந்தவை என்று நினைத்தால் மலைப்பாக இருந்தது. ஸ்டெல்லா பேசிக்கொண்டிருந்தாள். அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்களாம். பயமாக இருக்கிறதாம். சட்டென்று நிறுத்தினாள்.

"ஏட்டி, நீ இருக்கியா, இல்லியா? தொண்ட வத்த கேட்டியா கேட்டியான்னு கேக்கேன். ஒரு ம் கூட இல்ல."

அப்போதுதான் உணர்ந்தேன். அந்த அறையில் கட்டிய நாக்கை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், சொல்லு என்றேன். அவளுக்கு அது போதவில்லை.

"கண்ணு முழிக்காத ஆளுககிட்டயும் நாங்க பேசிட்டேதான் இருப்போம். பேரச் சொல்லிக் கூப்பிட்டு, கேக்குதான்னு கேப்போம். நாள் கணக்கா ஒண்ணும் இருக்காது. ஒரு நேரம் லேசா ஒரு ம் வரும். அதுக்குத்தான் அம்புட்டுப் பேச்சும், கேட்டியா."

"ம்" என்றேன்.

அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.